ப்ரோக்ரெஸிவ் ப்ரெஸ் (ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா முடிச்சுத் தர்ற மெஷின்) எது வாங்கறது? 9எம்எம் துப்பாக்கிக்கு, மாசம் 1000 ரவுண்டு (தோட்டா). பராமரிப்பும் சொல்லுங்க

கரூர்க்காரன் | ஹூஸ்டன்
வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிச்சிட்டு சத்தமில்லாம போறவன், இதுதான் என்னோட முதல் இழை, ஏற்கனவே யாராச்சும் கேட்டிருந்தா லிங்க் குடுங்க, திட்டாதீங்க. போன வருசம் க்ரீன் கார்டு வந்துச்சு, வந்த கையோட ஒரு 9எம்எம் கைத்துப்பாக்கி வாங்கி யூஎஸ்பிஎஸ்ஏ (துப்பாக்கி சுடற போட்டி) மேட்ச் போக ஆரம்பிச்சு இப்ப அது இல்லாம ஞாயித்துக்கிழமை விடியறதில்ல. மேட்சுக்கு 150 ரவுண்டு, அதுக்கு நடுவுல ப்ராக்டிஸ், ஆக மாசம் 800ல இருந்து 1000 வரைக்கும் தீருதுங்க. வீட்டுக்காரம்மா கார்டு பில்லப் பாத்துட்டு "என்ன, உங்களுக்கு மட்டும் மாசாமாசம் தீபாவளியா"ன்னு கேட்டுட்டாங்க.

மேட்ச்ல ஒரு பெரியவர் ஒத்தை ஸ்டேஷன் ப்ரெஸ் (ஒரு நேரத்துல ஒரு வேலதான் செய்யும்) ஒண்ணு இரவல் குடுத்தார். நல்லாத்தான் கத்துக்கிட்டேன், ஆனா 100 தோட்டா செய்ய ரெண்டரை மணி நேரம் ஆச்சு, ஒவ்வொரு டையா (தோட்டாவுக்கு உருக்குடுக்கற அச்சு) மாத்தி மாத்தி. அதனால ப்ரோக்ரெஸிவ் வாங்கலாம்னு இருக்கேன். மனசுல இருக்கறது டில்லான் 550, டில்லான் 750, ஹார்னடி ஏபி, லீ சிக்ஸ் பேக் ப்ரோ. வீடியோல ஒருத்தர் மணிக்கு 800ங்கறார், இன்னொருத்தர் 600ங்கறார். எது வேகம், எது நாள்பட உழைக்கும், வாங்கினதுக்கப்புறம் என்னென்ன சுத்தம் பண்ணோணும், ஒண்ணும் புடிபடல. பட்ஜெட் டை, தராசு எல்லாம் சேத்து 1300 டாலர்.

சிவப்புக்கட்சி | அட்லாண்டா
பாஸ் யோசிக்கவே வேணாம், ஹார்னடி. அஞ்சு ஸ்டேஷன், ஆட்டோ இன்டெக்ஸ் (இழுத்தா பிளேட் தானா அடுத்த ஸ்டேஷனுக்கு நகரும்), டை எல்லாம் புஷ்ஷிங்ல (கழட்டி மாட்டற வளையம்) உக்காந்திருக்கும், ஒரு திருகு திருகுனா கழண்டு கைக்கு வந்துரும், காலிபர் (தோட்டா அளவு) மாத்தறது அவ்ளோ ஈஸி. ஷெல்பிளேட் (தோட்டாவோட பித்தளைக் கூடான கேஸ் நிக்கற வட்டத் தட்டு) சுத்தறதும் ஹேண்டில் போகும்போது பாதி வரும்போது பாதின்னு ரெண்டு தவணைல சுத்தும், அதனால வெடுக்குன்னு இழுக்காது, கேஸ்ல இருந்து பவுடர் தெறிக்காது. இப்ப நீலக் கட்சிக்காரங்க (டில்லான் நீலம், எங்க ஹார்னடி சிவப்பு) கொடியோட வருவாங்க பாரு.

பழைய550 | ஃபீனிக்ஸ்
வந்துட்டேன்யா, கொடி இல்லாமத்தான் வந்திருக்கேன்.

கரூர் தம்பி, மொத இதத் தெரிஞ்சுக்க. மணிக்கு 800ங்கறது ப்ரைமர் (பவுடரப் பத்த வைக்கற சின்ன மூடி) ட்யூப் எல்லாம் முன்னாடியே ரொப்பி வச்சு, பிராஸ் (சுட்ட பழைய கேஸ்) கழுவி வச்சு, கேமராவுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் இழுத்து அதை 12ஆல பெருக்குன கணக்கு. ஒரு ட்யூப்ல 100 ப்ரைமர்தான் நிக்கும். தட்டுல கொட்டி குலுக்கி, தலைகீழா கெடக்கறத திருப்பி, ஒண்ணொண்ணா ட்யூப்ல குத்தி எடுக்கணும், அந்த நேரத்த எவனும் வீடியோல காட்டறதில்ல. நான் 550ல நிதானமா இழுத்தா மணிக்கு 300, 350. மாசம் 1000 வேணும்னா மூணு மணி நேரம். மாசத்துல மூணு மணி நேரம் உனக்கு கிடைக்காதா என்ன.

அதனால எது வேகம்னு கேக்காத. நிக்கும்போது எப்படி நிக்குதுன்னு கேளு. ஓடும்போது எல்லா மெஷினும் அழகுதான், பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எல்லா மாப்பிள்ளையும் நல்லவன்தான். நடுவுல ஒரு கேஸ் சாஞ்சு சிக்கும், ஒரு ப்ரைமர் ஏறாது, கீழ ஒரு துகள் மாட்டும். அப்ப கைய உள்ள விட்டு நோண்டி சரிபண்ணிட்டு திரும்ப இழுக்கற பாரு, அந்த முப்பது செகண்டுலதான் தப்பு நடக்கும். ஒரு கேஸ்ல பவுடர் ரெண்டு தடவ விழும், இல்ல விழாமலே போகும்.

எனக்கு நடந்தத சொல்றேன். 550ல பிளேட்ட கையாலதான் சுத்தணும், நாலு ஸ்டேஷன். முதல்ல அளவுக்கு இறுக்கி பழைய ப்ரைமரத் தள்ளும், ஹேண்டில முன்னாடி தள்ளும்போது புதுசு ஏறும், ரெண்டாவதுல பவுடர், மூணாவதுல புல்லட்ட உக்கார வைக்கும், நாலாவதுல கிரிம்ப் (கேஸ் வாய இறுக்கறது). ஒருநாள் காலிங்பெல் அடிச்சுச்சு, போய் பார்சல வாங்கி வச்சுட்டு வந்து உக்காந்து இழுத்தேன். பிளேட்ட சுத்தல. அதே கேஸ்ல ரெண்டாவது தடவ பவுடர். மெஷின் மேல தப்பே இல்ல, முழுக்க என் தப்பு. தப்பிச்சது எப்படின்னா நான் போடறது கேஸ முக்காவாசி ரொப்புற பஞ்சு மாதிரி பவுடர், ரெண்டு தடவ விழுந்ததும் வழிஞ்சு பிளேட் பூரா சிந்திருச்சு. துளியூண்டு இடம் அடைக்கற பவுடரா இருந்திருந்தா கமுக்கமா உள்ள உக்காந்திருக்கும், கைல துப்பாக்கி வெடிச்சிருக்கும். ப்ரெஸ்ஸ விட பவுடர் தேர்வுதான்யா முக்கியம்.

சிவப்புக்கட்சி | அட்லாண்டா
அண்ணே அதுக்குத்தான் ஆட்டோ இன்டெக்ஸ்னு சொல்றேன். பெல் அடிச்சா என்ன இடி இடிச்சா என்ன, இழுத்தா பிளேட் தானா நகரும். நீங்களே உங்க கட்சிக்கு எதிரா சாட்சி சொல்லிட்டீங்க.

லேப்_ராணி | ஒஹையோ
சிவப்பு சொல்றது பாதி சரி. ஆட்டோ இன்டெக்ஸ்ல ஒரே இடத்துல நின்னு ரெண்டு தடவ முழுசா இழுக்கற தப்பு நடக்காது. ஆனா சிக்கும்போது யாரும் முழுசா இழுக்கறதில்லையே, பாதி இழுத்து, பின்னாடி விட்டு, மறுபடி கால்வாசி இழுத்து பாக்கறோம். அப்ப பவுடர் விழுந்துச்சா, பிளேட் நகர்ந்துச்சா, ப்ரைமர் ஸ்லைடு (ப்ரைமர எடுத்துட்டு வர்ற பாகம்) போய் வந்துச்சா, மூணுக்கும் தனித்தனி பதில். மூளைல கணக்கு வச்சுக்க முடியாது. 550ல பிளேட் நான் நகர்த்தினாதான் நகரும், அதனால சிக்கல எடுக்கும்போது எல்லாம் அப்படியே நிக்கும், எந்த கேஸ் எங்க இருக்குன்னு தெரியும். தப்பு வேற வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு, அவ்ளோதான்.

என் விதி ஒண்ணே ஒண்ணு. எந்த மெஷினா இருந்தாலும், நின்னுச்சுன்னா, பிளேட்ல பவுடர் ஸ்டேஷன்லயும் அதைத் தாண்டியும் இருக்கற எல்லாத்தையும் எடுத்து ஒரு டப்பால போடு. மூணு நாலு தோட்டா, ஒரு டாலர்கூட பெறாது. வாரக் கடைசில பிரிச்சு பாத்துக்கலாம். அதை எடுக்காம "இதுல விழுந்திருக்கும்னு நெனைக்கிறேன்" அப்படின்னு ஓட்டறவங்க பக்கத்து பே-ல (சுடற இடம்) எனக்கு நிக்க இஷ்டமில்ல.

டபுள் சார்ஜ பத்தி எல்லாரும் பேசறோம், பவுடரே விழாதது அதே அளவு ஆபத்து. ப்ரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்ட பேரலுக்குள்ள (துப்பாக்கிக் குழல்) தள்ளி நடுவுல நிறுத்திரும், ஸ்க்விப். டப்புனு கேக்க வேண்டிய இடத்துல பொத்துனு கேக்கும். மேட்ச் பதட்டத்துல துப்பாக்கியோட ஸ்லைட இழுத்துட்டு அடுத்தத சுட்டா அடைச்ச பேரல்ல இன்னொரு புல்லட். கரூர், சத்தம் வித்தியாசமா இருந்தா டைம் போனா போகுதுன்னு நிறுத்திரு.

கரூர்க்காரன் | ஹூஸ்டன்
படிக்கவே வயித்த கலக்குதுங்க. பவுடர் விழுந்துச்சான்னு பாக்க எதாச்சும் டை இருக்குதுன்னு கேள்விப்பட்டேனே?

லேப்_ராணி | ஒஹையோ
இருக்கு. ரெண்டு வகை. பவுடர் மட்டம் தப்பா இருந்தா பீப் அடிக்கற அலாரம் ஒண்ணு, மெஷினையே பூட்டி நிறுத்திடற லாக் அவுட் டை இன்னொண்ணு, அது ஆர்சிபிஎஸ் கம்பெனி போடறது. ரெண்டுக்குமே தனியா ஒரு ஸ்டேஷன் வேணும். அஞ்சு ஸ்டேஷன் இருக்கற 750, ஹார்னடி, ஆறு இருக்கற லீ இதுல எல்லாம் இடம் இருக்கு. நாலே ஸ்டேஷன் இருக்கற 550ல புல்லட்டையும் கிரிம்பையும் ஒரே டைல செஞ்சாதான் இடம் கிடைக்கும். ஆனா இந்த டை எல்லாம் பெரிய தப்பதான் பிடிக்கும், கொஞ்சூண்டு கூடக்குறைய விழுந்தா தெரியாது. ப்ரெஸ் மேல ஒரு எல்இடி மாட்டி, புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் கண்ணால பாரு, அது முதல். டை ரெண்டாவது.

மாடரேட்டர்
நல்லா போகுது. ஒரே ஒரு நினைவூட்டல்: எத்தனை கிரெயின் (எடை அளவு) பவுடர்ங்கற அளவ இந்த இழைல யாரும் எழுத வேண்டாம். புல்லட் கம்பெனி, பவுடர் கம்பெனி வெளியிட்ட மேனுவல் இருக்கு, அதப் பாத்து கீழ் அளவுல ஆரம்பிங்க. எழுதினா நீக்கிடுவேன்.

யாழ்ப்பெடியன் | டொராண்டோ
நான் 550தான் வைச்சிருக்கிறன். இஞ்ச 2022 ஒக்டோபரில இருந்து கைத்துப்பாக்கி வாங்க விக்க ஏலாது, இருக்கிறதை வைச்சுத்தான் ஐபிஎஸ்சி போட்டி சுடுறம், அதால புதுசா ஒராளும் இந்தப் பக்கம் வாறேல்லை, பழசா ப்ரெஸ் கனக்க விலைக்கு வருது. நான் ரைஃபிளுக்கு .223ம் இதிலதான் செய்யிறனான்.

தம்பி கரூர், காலிபர் ஒண்டோட நிக்கமாட்டீர், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லித் தொடங்கிறது. 550க்கு வேற காலிபர் மாத்திறது மலிவு, ஷெல்பிளேட், பவுடர் ஃபனல் (புனல்), மூண்டு சின்ன பின், அவ்வளவுதான். 750 எண்டால் கேஸ் ஃபீடருக்குரிய (கேஸைத் தானா தாற பகுதி) சாமான்களும் மாத்தோணும், காசும் கூட, நேரமும் கூட. 9எம்எம் மட்டும்தான் எண்டு சத்தியம் பண்ணினால் 750 எடும்.

இன்னொரு விசயம். .45 காலிபர் பிராஸ் பொறுக்கினால் ப்ரைமர் பொக்கெற்றை (ப்ரைமர் இருக்கிற குழி) பாத்துப் பிரியும். பெரிய ப்ரைமர் 0.210 இஞ்சி, சின்னது 0.175. முந்தி .45 எல்லாம் பெரிசுதான், இப்ப சின்னதும் கலந்து கிடக்குது. நான் பாக்காமல் சின்னப் பொக்கெற்றுக்க பெரிசைத் தள்ளப் போய் ப்ரைமர் நசிஞ்சு போச்சுது, வெடிக்கேல்லை, ஆனால் அண்டைக்கு மிச்சம் ஒண்டும் செய்ய மனம் வரேல்லை. கதவைப் பூட்டிப்போட்டு வந்து தேத்தண்ணி குடிச்சன்.

பழைய550 | ஃபீனிக்ஸ்
யாழ் சொன்னதுல ஒண்ணு சேத்துக்க. 9எம்எம் பிராஸ் குவியல்லயும் எதிரி இருக்கான், .380 காலிபர். பாத்தா ஒரே மாதிரி, 2 மில்லிமீட்டர் குட்டை. பிளேட்ல சமத்தா உக்காரும், புல்லட் வைக்கும்போதுதான் தெரியும். ராணுவ பிராஸ்ல ப்ரைமர் பொக்கெட்ட சுத்தி கிரிம்ப் அடிச்சிருப்பான், புது ப்ரைமர் ஏற மறுக்கும். ஏறலேன்னா மல்லுக்கட்டாத. ஒண்ணு தூக்கிப் போடு, இல்ல தனியா ஸ்வேஜ் பண்ணு (அந்த கிரிம்ப அமுக்கி விரிக்கறது). டில்லான் 1100ல அதுக்குன்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு, மொத்தம் எட்டு ஸ்டேஷன், ஆனா அதோட பில்ல வீட்டுல காட்டுனா உன்னையே ஸ்வேஜ் பண்ணிருவாங்க.

எச்1பி_பாவம் | டல்லாஸ்
குறுக்க வரதுக்கு மன்னிக்கணும். நான் எச்1பி வேலை விசால இருக்கேன், துப்பாக்கி வாங்கல, ஆனா இந்த மெக்கானிசம் பிடிச்சிருக்கு. ரூம்மேட் கூட சேந்து ப்ரெஸ் மட்டும் வாங்கி தோட்டா செய்யலாமா? அப்புறம் ஊருக்கு போகும்போது அந்த ப்ரெஸ்ஸ கோயம்புத்தூர் கொண்டு போகலாமா, அங்க மாமா ரைஃபிள் கிளப்ல இருக்காரு.

லேப்_ராணி | ஒஹையோ
ரெண்டுக்கும் நில்லு. அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல, நான்இமிக்ரன்ட் (தற்காலிக) விசால இருக்கறவங்க துப்பாக்கி மட்டுமில்ல தோட்டாவும் வச்சிருக்கக் கூடாது, 18 யூஎஸ்சி 922(ஜி)(5)(பி). விதிவிலக்கு இருக்கு, முக்கியமானது ஏதோ ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ். அது இல்லாம ரூம்மேட்டோட தோட்டா செஞ்சா அது உன் கிரீன் கார்டு கனவுக்கு நீயே வைக்கற வெடி. லைசென்ஸ் இருந்தாலும் ஒரு வக்கீல்கிட்ட உன் பேப்பர காட்டிட்டு செய். க்ரீன் கார்டுக்காரங்களுக்கு இந்த தடை இல்ல, அதனால கரூருக்கு பிரச்சன இல்ல.

இந்தியா கதை வேற. 1959 ஆயுதச் சட்டத்துல 'ஆம்யூனிஷன்'ங்கற வார்த்தைக்கு குடுத்த விளக்கத்துலயே தோட்டா தயாரிக்கற இயந்திரமும் அடங்கும். அதாவது வெறும் இரும்பு ப்ரெஸ்தானேன்னு சூட்கேஸ்ல போட்டு போனா, சட்டத்தோட கண்ணுக்கு நீ லைசென்ஸ் இல்லாம தோட்டா கொண்டு வந்தவன். மாமாவுக்கு சாக்லேட் வாங்கிட்டு போ.

எச்1பி_பாவம் | டல்லாஸ்
சரிங்க அக்கா 🙏 சாக்லேட்.

கரூர்க்காரன் | ஹூஸ்டன்
அப்ப என் கணக்க ஒருக்கா பாருங்க. ப்ரைமர் ஒண்ணு 7 சென்ட், புல்லட் 9 சென்ட், பவுடர் 2 சென்ட், பிராஸ் தரைல பொறுக்கினது. 18 சென்ட். கடைல வாங்கறது எனக்கு 24 சென்ட் வருது. ஆறு சென்ட் மிச்சம், மாசம் 1000க்கு 60 டாலர். 1300 டாலர் போட்டா திரும்பி வர ரெண்டு வருசம் ஆகுமேங்க. வீட்டுக்காரம்மா ஆடிட்டருங்க, இத ஒரே நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாங்க.

பழைய550 | ஃபீனிக்ஸ்
கண்டுபிடிக்கட்டும், பொய் சொல்லாத. 9எம்எம்ல காசு மிச்சம்னு சொல்லி ரீலோடிங் ஆரம்பிச்சவன் எவனும் காசு மிச்சம் பண்ணல, ரெண்டு மடங்கு சுட்டான், அவ்ளோதான். ப்ரைமர் ஆயிரம் 30 டாலருக்கு வாங்குன காலம் ஒண்ணு இருந்துச்சு, 2020ல கொரோனாவோட எல்லாம் காணாம போச்சு, திரும்பி வந்தப்ப விலை வேற மாதிரி வந்துச்சு.

அப்ப எதுக்குன்னா, உன் துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி தோட்டா. யூஎஸ்பிஎஸ்ஏல மைனருக்கு (குறைஞ்ச பவர் பிரிவு) பவர் ஃபேக்டர் 125 வந்தா போதும், புல்லட் எடைய வேகத்தால பெருக்கி ஆயிரத்தால வகுக்கறது. கடை தோட்டா தேவைக்கு மேல உதைக்கும். நீ கனமான புல்லட் போட்டு 130 கிட்ட நிறுத்துனா கைல மெத்து மெத்துனு இருக்கும், ரெட் டாட் (குறி பாக்கற சிவப்புப் புள்ளி) சீக்கிரம் திரும்பி வரும். இன்னொண்ணு, கடைல சரக்கே இல்லாத வருசத்துலயும் நீ சுடலாம்.

விலை பயமா இருந்தா பழசு வாங்கு. 550, 750 ரெண்டுக்கும் டில்லான்ல வாழ்நாள் வாரன்ட்டி, செகண்ட் ஹாண்ட்ல வாங்கினவனுக்கும் உண்டு. 1100 மாதிரி பெரிசுக்கு மட்டும் வாழ்நாள் கிடையாது.

கரூர்க்காரன் | ஹூஸ்டன்
சரி, பராமரிப்ப யாருமே இன்னும் சொல்லலையேங்க.

பழைய550 | ஃபீனிக்ஸ்
சொல்றேன், காப்பி எடுத்துட்டு வா. ஆனா காப்பிய பெஞ்ச் பக்கம் கொண்டு வராத, ஏன்னு ராணி சொல்லும்.

ப்ரெஸ் கெட்டுப்போறது தேஞ்சு இல்ல, அழுக்குல. அழுக்கு எங்கிருந்து வருது, பழைய ப்ரைமர தள்ளும்போது கருப்பா மணல் மாதிரி ஒரு தூள் விழும், அது ப்ரைமர் ஏத்தற இடத்துக்கு பக்கத்துலயேதான் விழும். அந்த தூள் ஸ்லைடுக்கு அடில போய் உக்காந்துச்சுன்னா ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, ப்ரைமர எடுக்காம வெறுங்கையோட திரும்பி வரும், இல்ல எடுத்தத பக்கவாட்டுல சாச்சு கொண்டு வரும். புதுசா வாங்குனவன் உடனே ஸ்ப்ரிங் போச்சு, பார்ட் போச்சுன்னு கம்பெனிக்கு போன் பண்ணுவான். தொடைச்சா போதும்யா. நான் ஒவ்வொரு 500க்கும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஆல்கஹால் நனைச்ச துணியும் வச்சு ஸ்லைடையும் அது ஓடற தடத்தையும் துடைப்பேன். அந்த இடத்துல எண்ணெய் போடவே கூடாது. எண்ணெய் தூள இழுத்து வச்சுக்கும், ப்ரைமருக்குள்ள போனா ப்ரைமரும் செத்துரும்.

ஷெல்பிளேட் போல்ட். இறுக்கமா இருந்தா பிளேட் சுத்தாது, லூசா இருந்தா ஆடும், ஆடுச்சுன்னா ஒரு ப்ரைமர் உள்ள ஒரு ப்ரைமர் வெளிய நிக்கும். இறுக்கிட்டு, கொஞ்சமா பின்னாடி விட்டு, பிளேட் தடையில்லாம சுத்தி மேல கீழ ஆடாத இடத்துல நிறுத்தி பக்கத்து ஸ்க்ரூவ பூட்டு. 1000க்கு ஒரு தடவ தொட்டுப் பாரு.

ப்ரைமர் ஏத்தும்போது கைல ஒரு மெத்துனு அடி மோதுற உணர்வு வரணும். செஞ்ச தோட்டாவோட பின்பக்கத்த விரலால தடவு, ப்ரைமர் துளி உள்வாங்கி இருக்கணும், வெளிய துருத்துனா அது ஆகாது.

ராம் (மேல கீழ போற தண்டு), லிங்க் பின் இதுக்கெல்லாம் எண்ணெய், கிரீஸ், மேனுவல்ல சொன்ன இடத்துல மட்டும். கோயில் சிலைக்கு எண்ணெய்க்காப்பு மாதிரி தலைல இருந்து ஊத்தாத. கார்பைட் டைக்கு 9எம்எம்ல லூப் (கேஸ் மேல அடிக்கற வழுக்கற திரவம்) கட்டாயமில்ல, ஆனா பத்துல ஒண்ணுக்கு லேசா அடிச்சுப் பாரு, வெண்ணெய் மாதிரி போகும். ஹேண்டில் லேசா போனா பிளேட் குலுங்காது, குலுங்காட்டி பவுடர் சிந்தாது.

பவுடர ஹாப்பர்ல (ப்ரெஸ் மேல இருக்கற பவுடர் குடுவை) விட்டுட்டு தூங்கப் போகாத. பிளாஸ்டிக்க மஞ்சளாக்கும், சில பவுடர் அரிச்சே விட்டுரும். அதவிட பெரிய விசயம், அடுத்த வாரம் வந்து இது எந்த பவுடர்னு யோசிச்சு நிப்ப. பெஞ்ச் மேல ஒரே ஒரு டப்பா, அதுவும் இப்ப ஓடறது மட்டும்.

சிவப்புக்கட்சி | அட்லாண்டா
இது எல்லா கட்சிக்கும் பொருந்தும், ஒத்துக்கறேன். எங்காளுக்கு கூடுதலா ஒண்ணு, பிளேட்ட நகர்த்தற பால் (pawl, கொக்கி மாதிரி) ரெண்டு இருக்கு, ரெண்டையும் தனித்தனியா அட்ஜஸ்ட் பண்ணனும், ஒரு கால் திருகு மாறினாலும் எகிறும். ஒரு தடவ பொறுமையா செட் பண்ணிட்டு மார்க்கர்ல கோடு போட்டு வச்சுட்டா நகர்ந்தா தெரிஞ்சிரும். 750காரங்க பவுடர் சிந்துதுன்னு அழுவாங்களே, அவங்களுக்கு டிடென்ட் பாலும் (ball, பிளேட்ட நிறுத்தற குட்டி உருண்டை) ஸ்ப்ரிங்கும் லேசானதா மாத்துனா அந்த வெடுக் குறையும்.

அப்புறம் ப்ரைமர் ட்யூப் மேல முகத்த கொண்டு போகாத பாஸ். 100 ப்ரைமர் வரிசையா நிக்குது, ஒண்ணு வெடிச்சா எல்லாம் சேந்து மேல பாயும், அதுக்குத்தான் சுத்தி இரும்புக் குழாய். கண்ணாடி போடாம ஹேண்டில தொடாத.

லேப்_ராணி | ஒஹையோ
காப்பி விசயம். ப்ரைமர்ல இருக்கறது லெட் ஸ்டிஃப்னேட், ஈயம். அந்த கருப்பு தூள்ல ஈயம் இருக்கு, கைல ஒட்டும், கைல இருந்து கப்புக்கு, கப்புல இருந்து வாய்க்கு. வீட்டுல சின்ன குழந்த இருந்தா இன்னும் மோசம். கம்ப்ரஸ்ஸர் காத்தால ப்ரெஸ்ஸ ஊதி சுத்தம் பண்றத வீடியோல பெருமையா காட்டறாங்க, அது அந்த தூள மூக்குக்குள்ள அனுப்பற வேல. ஈரத் துணிதான். ட்ரை டம்ளர்ல வால்நட் தூள் போட்டு பிராஸ் கழுவும்போதும் புழுதி கிளம்பும், கராஜுக்கு வெளிய வச்சு ஓட்டு, இல்ல தண்ணியும் ஸ்டீல் ஊசியும் போட்டு ஈரமா கழுவு. (டம்ளர்னதும் எங்கம்மா ஃபில்டர் காப்பி டம்ளர்ல போடறியான்னு கேட்டாங்க. இல்லம்மா.) வருசம் ஒரு தடவ டாக்டர்கிட்ட ரத்தத்துல ஈயம் பாக்கச் சொல்லு.

சேமிப்பு: என்எஃப்பிஏ 495 (அமெரிக்க தீ பாதுகாப்பு விதி) கணக்குப்படி வீட்டுல ப்ரைமர் 10,000, புகையில்லா பவுடர் 20 பவுண்டு வரைக்கும், எல்லாம் ஒரிஜினல் டப்பாலயே. 20ல இருந்து 50 பவுண்டுன்னா ஒரு இஞ்சி மரப்பலகைப் பெட்டி வேணும். உன் ஊர் ஃபயர் கோட் இன்னும் கடுமையா இருக்கலாம், பாத்துக்கோ. ஹூஸ்டன் கராஜ் வெயில்ல வைக்காத, வீட்டுக்குள்ள குளுமையான அலமாரி. ப்ரைமர காலி பாட்டில்ல கொட்டி வைக்கற ஆளுங்கள பாத்திருக்கேன், அது பாட்டில் இல்ல, கையெறி குண்டு.

அப்புறம் ஃப்ரெண்டுக்கு ஆயிரம் செஞ்சு குடுத்து காசு வாங்கலாம்னு யோசன வரும். விக்கறதுக்கு செய்யணும்னா டைப் 06 ஃபெடரல் லைசென்ஸ் வேணும். உனக்கு மட்டும் செஞ்சுக்க.

கரூர்க்காரன் | ஹூஸ்டன்
மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க. மேட்ச்ல இரவல் குடுத்த அதே பெரியவர் தன்னோட 550ய வித்துட்டு பெருசுக்கு போறார், அவர்ட்டயே வாங்கிட்டேன், டூல்ஹெட் (டை மாட்டற தலைப்பகுதி), 9எம்எம் டை, தராசு எல்லாம் சேத்து 1300க்கு ரொம்ப கீழ. 750 மேல ஆசைதான், ஆனா இந்த இழைய படிச்சதுக்கப்புறம், பிளேட் என் கைல இருக்கட்டும்னு தோணுச்சு.

முதல் நாள் 40 தோட்டாதான். ஒவ்வொண்ணா, பிளேட்ல ஒரே ஒரு கேஸ் மட்டும் வச்சு நாலு ஸ்டேஷனும் சுத்தி வரவச்சு. அப்புறம் பேரல கழட்டி ஒவ்வொண்ணையும் உள்ள விட்டு பாத்தேன், க்ளிங்குனு விழுந்து தானா திரும்பி வரோணுமாமே, 38 வந்துச்சு, ரெண்டுல கிரிம்ப் பத்தல. மேட்ச்ல க்ரோனோ (வேகம் அளக்கற கருவி) வச்சு பாத்தப்ப பவர் ஃபேக்டர் 131. பெரியவர் முதுகுல தட்டினார்.

இப்ப பிரச்சன. பத்து பதினஞ்சுல ஒண்ணு ப்ரைமர் எடுக்காம காலியா வருது. சொன்ன மாதிரி தொடைச்சேன், ஒரு பத்து நல்லா வருது, மறுபடி அதே.

பழைய550 | ஃபீனிக்ஸ்
131 நல்ல நம்பர்யா. பேரல்ல திரும்பி விழாத ரெண்டையும் பிரிச்சிரு.

ப்ரைமர் காலியா வந்த கேஸ்ல பவுடர் விழுந்தா அடில ஓட்டை வழியா ஒழுகி பிளேட்டுக்கு அடில போய் சேரும். அது உள்ள கெடக்கறதாலதான் தொடைச்சும் பத்துல திரும்பி வருது. மேலாப்புல தொடைச்சா பத்தாது. ப்ரைமர் ட்யூப்ப முதல்ல வெளிய எடுத்துரு, தூர வை. அப்புறம் ஷெல்பிளேட்ட முழுசா கழட்டு. ஸ்லைடையும் வெளிய எடு. அந்த தடத்துல என்ன இருக்குன்னு பாத்து ஒரு போட்டோ போடு.

கரூர்க்காரன் | ஹூஸ்டன்
கழட்டினேனுங்க. கொஞ்சம் பவுடர், நிறைய கருப்பு தூள், அப்புறம் ஒரு கோதுமை மணி சைஸ்ல வால்நட் ஓடு துண்டு, ஸ்லைடோட பின் மூலைல செருகி நின்னுச்சு. பெரியவர் காலத்துதா, நான் கழுவின பிராஸ்ல வந்ததான்னு தெரியல. எடுத்துட்டு தொடைச்சு மாட்டி 200 ஓட்டினேன், ஒண்ணுகூட காலியா வரல.

ஒரு சந்தேகம், ஷெல்பிளேட் போல்ட் லூசாகாம இருக்க லாக்டைட் (திருகுப் பசை) ஒரு சொட்டு போடலாமுங்களா?

பழைய550 | ஃபீனிக்ஸ்
போடாத. அடுத்த மாசம் மறுபடி கழட்டுவ.